கடல்மேல் பருந்துகள் – 9: மூன்று கொதிகலன்களின் யுத்தம்

ஸிட்னி காம் என்ற விமானச் சிற்பியின் மேற்பார்வையில் பிரிட்டனின் ஹாக்கர் கம்பெனியார் வரைந்து, 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 ஆம் தேதி முதன்முதலாகப் பறக்கவிட்ட ஒரு ஜெட் விமானம், 1953 ஆம் ஆண்டில் 'ஸீ ஹாக்' என்ற பெயருடன் பிரிட்டிஷ் கடற்படையில் பதவியேற்று, 1956 ஆம் ஆண்டின் சூயஸ் சண்டையில் மூன்று கப்பல்களின் தளங்களிலிருந்து எழுந்து போரிட்டு, 1960 ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டின் முன்னணிப் படைப்பிரிவுகளிலிருந்து ஓய்வு பெற்ற வரலாற்றை இத்தொடரின் முற்பகுதியில் கண்டோம்.

யந்திரத்தின் வெப்பக் காற்றை வாலின் வழியே விடாமல், இரண்டாகப் பிரித்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்திலேயே இருபுறமும் வெளியேற்றி, அதனால் மிச்சமான பின்னுடலை எரிபொருளால் நிரப்பிய காமின் யுக்தியையும் கண்டோம்.

பிறகு கதை நம் தேசத்துக்கு வந்தது. 1960 ஜூலையில் பிரிட்டனின் பிராடி விமான நிலையத்தில் இந்தியக் கடற்படையின் 300 ஆம் ஸ்குவாட்ரன் 'வெள்ளைப் புலிகள்' என்ற பட்டப்பெயரோடு உதயமாயிற்று. 1961 மார்ச் 4 ஆம் தேதி பெல்பாஸ்ட் நகரத்தில் 'விக்ராந்த்' என்னும் விமானம் தாங்கிக் கப்பல் இந்தியக் கொடியை ஏற்றிக்கொண்டது. அதே வருஷம் மே 18 ஆம் தேதி, பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாக உயர்ந்த லெப்டினன்ட் தஹிலியானி, அக்கப்பலின் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கினார். கோவைக்கு அடுத்த சூலூரில் அமைந்த கடற்படை விமானத்தளமாகிய 'ஹன்ஸா' 1964 ஆம் ஆண்டில் கோவாவுக்கு இடம் பெயர்ந்தது வரை சென்ற இதழ்களில் சொல்லியாயிற்று.

1965 ஆம் ஆண்டில் யுத்தம் வந்தபோது விக்ராந்த் பம்பாயில் பழுதுபார்க்கும் துறையில் கிடந்தது. பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகையின்மீது குண்டு வீசிவிட்டுச் சென்றன. ஸீ ஹாக் விமானிகளுக்கோ போரிடும் வாய்ப்பே கிட்டவில்லை.

அந்த மனப்புண் ஆறுவதற்குள் அடுத்த யுத்தம் நெருங்கிற்று.

*

ஒரு விரிசல்

1971 ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லையைக் கடந்து வந்துகொண்டிருக்க, புது டில்லியில் ராஜதந்திரிகளும் சேனைத் தலைவர்களும் வரப்போகும் மழைக்காலத்தையும் அதற்கு அப்பால் வரக்கூடிய போரையும் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், கடற்படைத் தலைமையகத்தின் கவலை முழுவதும் விக்ராந்தின் அடிவயிற்றில் இருந்த ஓர் இரும்புப் பாத்திரத்தின்மேல் குவிந்திருந்தது.

கப்பலுக்கு நான்கு கொதிகலன்கள். அவற்றுள் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது.

தரையில் ஓடும் ஒரு யந்திரத்துக்கு இப்படிப்பட்ட கோளாறு நேர்ந்தால் அதை நிறுத்திவைத்து ஆற அமரச் சரி செய்யலாம். விமானம் தாங்கிக் கப்பலுக்கு அது உயிர்நிலையில் விழுந்த அடி. ஏனெனில், அக்கப்பலில் நீராவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுழலிகளை ஓட்டிக் கப்பலை முன்னே செலுத்துவது ஒன்று. மேல்தளத்தின் கீழே நீண்ட குழாயில் அடைபட்டிருந்து, விமானத்தைப் பற்றி இழுத்து, சில கணங்களுக்குள் பறக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்து ஆகாயத்தில் எறியும் 'கேட்டபுல்ட்' என்னும் கவண் பொறியை இயக்குவது மற்றொன்று.

இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஸீ ஹாக்கைப் போன்ற ஜெட் விமானம், குண்டுகளும் எரிபொருளும் நிறைந்த நிலையில், கவணின் பலத்தால் மட்டும் பறந்துவிட முடியாது, எதிர்க்காற்றும் வேண்டும். இயற்கைக் காற்றுப் போதாதபோது கப்பலே காற்றை எதிர்த்து விரைந்தோடி அந்தக் குறையை நிரப்ப வேண்டும். மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடிய விக்ராந்த், காற்றில்லாத நாளிலும் தன் ஓட்டத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்ளும் வல்லமையோடுதான் கட்டப்பட்டது.

ஒரு கொதிகலன் போய்விட்டால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் எதிர்க்காற்றுக் குறையும். அதை ஈடு செய்யக் கவண் அதிக நீராவி கேட்கும். அந்த நீராவியைக் கொடுத்தால் கப்பலின் வேகம் மேலும் தளரும்.

ஆகவே, அந்த வருஷத்தில் ஸீ ஹாக் விமானங்களின் தலைவிதி, அவற்றின் இறக்கைகளிலோ 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கிலோ எழுதப்பட்டிருக்கவில்லை. மேல்தளத்துக்கு வெகு ஆழத்தில், வெயிலே காணாத அறைகளில், எண்ணெயும் வேர்வையுமாக உழைத்துக்கொண்டிருந்த யந்திரப் பணியாளர்களின் கையில் இருந்தது.

*

இரண்டு கட்சிகள்

இந்த நிலைமையில் கப்பலை யுத்தத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கடற்படைக்குள் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் தோன்றியது இயல்பே.

அனுப்பக் கூடாது என்றவர்களின் வாதம் இலேசானதன்று. வேகமாக ஓட முடியாத பெரிய கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. பாகிஸ்தானோ அண்மையில்தான் பிரான்ஸ் தேசத்திலிருந்து 'டாப்னே' வகையைச் சேர்ந்த புதிய நீர்மூழ்கிகள் மூன்றைச் சம்பாதித்திருந்தது. ஒரு கொதிகலனில் கண்ட விரிசல் மற்றவற்றிலும் தோன்றாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அழுத்தம் மிகுந்த நீராவி வெடித்துக் கிளம்பினால் அந்த அறையில் உள்ளவர்கள் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். தேசத்தின் ஒரே விமானம் தாங்கிக் கப்பலை இழந்தால் அந்த அவமானம் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

அனுப்ப வேண்டும் என்றவர்களின் வாதமும் அதற்குக் குறைந்ததன்று. 1965 ஆம் ஆண்டில் துறைக்குள் கிடந்த கப்பல் இந்தத் தடவையும் துறைக்குள்ளேயே கிடந்தால், இதற்காகச் செலவழித்த பணமெல்லாம் வீண் என்று நாடு தீர்ப்புச் சொல்லிவிடும். கடற்படைக்கு விமானங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதன் பிறகு பதில் சொல்ல வாயிருக்காது. போரில் இறங்கிச் சேதமுற்ற கப்பலைச் செப்பனிட்டுவிடலாம், போருக்கே போகாத கப்பலின் மானத்தைச் செப்பனிட முடியாது.

கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா இரண்டு பக்கத்தையும் எடை போட்டுப் பார்த்து, கொதிகலன்களைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு இடம் கொடுத்தார். இத்தொடரில் நாம் இதுவரை கண்ட தீர்மானங்களுள் இதுவே மிகக் கனமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

பழுதுபட்ட கொதிகலனை விலக்கிவிட்டு மற்ற மூன்றை வைத்துக்கொண்டே கப்பலை ஓட்டுவது என்று ஏற்பாடாயிற்று. விண்டுபோகக்கூடிய வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லன் இரும்புப் பட்டா பூட்டுவதைப்போல, அந்த மூன்றுக்கும் எஃகுப் பட்டைகள் சுற்றிப் பிணைத்தார்கள். நீராவி கசிந்தால் உடனே கண்டுகொள்வதற்காகப் பார்வைச் சன்னல்கள் அமைத்தார்கள். ஜூன் மாதத்தில் ஆழ்கடலில் கப்பலை ஓட்டிச் சோதித்தார்கள்.

மாத முடிவில் தீர்ப்பு வெளியாயிற்று. விக்ராந்த் யுத்தத்துக்குப் போகலாம். ஆனால் மணிக்கு 14 கடல் மைலுக்கு மேற்பட்டு ஓடக் கூடாது.

இந்த நிபந்தனையைக் கேட்டவுடன் கப்பலின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷும், 300 ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவும் போட வேண்டியிருந்த கணக்கு எளிதில் விளங்கும். காற்று ஒத்துழைக்கும் நாளில் முழுச் சுமையோடு பறக்கலாம்; ஒத்துழைக்காத நாளில் குண்டையோ எரிபொருளையோ குறைக்க வேண்டும்; காற்றே அசையாத நாளில் தளத்தில் காத்திருக்க வேண்டும்.

*

மேற்கா, கிழக்கா?

கப்பல் போகலாம் என்று முடிவாகிவிட்டது. எங்கே போவது?

பாகிஸ்தான் கடற்படையின் பெரும்பகுதி கராச்சியில் இருந்தது. புதிய நீர்மூழ்கிகள் அரபிக் கடலில் நடமாடின. ஒலியினும் வேகமாகப் பறக்கும் போர்விமானங்களும் மேற்குப் பகுதியில்தான் நிறுத்தப்பட்டிருந்தன. நேரிய இறக்கையும், மணிக்கு 965 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும், ராடார்க் கண் இல்லாத மூக்கும் கொண்ட ஸீ ஹாக்கை அந்தக் களத்தில் இறக்குவது தைரியமாகாது, விவேகமின்மை ஆகும்.

வங்காள விரிகுடாவின் நிலைமை வேறு. கிழக்கு வங்காளம் முழுவதற்கும் பாகிஸ்தான் வைத்திருந்தது டாக்காவில் தங்கிய ஒரே ஒரு ஸேபர் ஜெட் விமானப் பிரிவு. அந்த ஸேபர், ஸீ ஹாக்கைக் காட்டிலும் ஆகாயச் சண்டையில் வல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், போர் தொடங்கியவுடன் இந்திய விமானப்படை டாக்காவின் ஓடுபாதையைத் தாக்கும் என்பதும், தன் தலைக்கு மேலுள்ள அபாயத்தைச் சமாளிக்கவே போதாமல் திண்டாடும் ஸேபர்களுக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்க நேரமிராது என்பதும் எதிர்பார்க்கத்தக்கவையாக இருந்தன.

அங்கே செய்ய வேண்டிய காரியமும் ஸீ ஹாக்கின் குணத்துக்குப் பொருத்தமானது. சிட்டகாங், காக்ஸ் பஜார், குல்னா, மங்ளா ஆகிய துறைகளையும் அவற்றின் ஆற்று முகங்களையும் அடைத்து, மேற்கிலிருந்து உதவி வராமலும், கிழக்கில் அகப்பட்ட சேனை கடல் வழியே தப்பிச் செல்லாமலும் தடுக்க வேண்டும். தாழப் பறந்து, குறி பார்த்து, ராக்கெட்டும் பீரங்கியும் கொண்டு கரைத் தளங்களையும் கப்பல்களையும் அடிப்பதற்கு, ஒலியை மிஞ்சிய வேகம் அவசியமில்லை. நிலையாகப் பறக்கும் உடலும் நிதானமான கையுமே வேண்டும்.

பிறந்த நாட்டில் பதினோரு வருஷங்களுக்கு முன்பே முன்னணியிலிருந்து விலக்கப்பட்டு, ஜெர்மானியரும் டச்சுக்காரரும் கழித்துவிட்டு, உலகத்தில் வேறெந்தக் கடற்படையும் போர்முனைக்கு அனுப்ப நினைக்காத அந்தக் கிழ விமானத்துக்கு, அதன் பலத்தையெல்லாம் கேட்டு அதன் பலவீனத்தைக் கேளாத ஒரு யுத்தகளம் இவ்வாறு வாய்த்தது. வாய்த்தது என்பதைவிட, தெரிந்தெடுக்கப்பட்டது என்பதே நியாயம்.

*

நாகர்கோவில் பிள்ளையின் சூழ்ச்சி

கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமை விசாகப்பட்டினத்தில் இருந்தது. அதன் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் 1919 ஆம் ஆண்டில் பிறந்தவர்; முன்பு விக்ராந்தின் தலைமைப் பொறுப்பையே வகித்து, அந்தக் கப்பலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர்.

கிருஷ்ணனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. விக்ராந்த் கிழக்கே வந்துவிட்டது என்பதைப் பாகிஸ்தான் அறியாமல் இருக்கப் போவதில்லை. அறிந்தவுடன் அதை வேட்டையாட ஒரு நீர்மூழ்கியை அனுப்புவார்கள். கராச்சியிலிருந்து கன்னியாகுமரியையும் இலங்கையையும் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவரை வந்து போர்புரியும் தூரசக்தி அவர்களிடம் ஒரே ஒரு நீர்மூழ்கிக்குத்தான் உண்டு. அது அமெரிக்காவில் 'டயாப்லோ' என்ற பெயரில் கட்டப்பட்டு, பிறகு பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்ட 'காஸி'.

நவம்பர் 14 ஆம் தேதி காஸி கராச்சியிலிருந்து புறப்பட்டது.

அதற்குள் விக்ராந்த் சென்னைக் கடற்கரையை விட்டு மறைந்துவிட்டது. அந்தமான் தீவுக் கூட்டத்தில், ஜனசஞ்சாரமற்ற ஒரு நங்கூரத் துறைக்குப் 'போர்ட் எக்ஸ்-ரே' என்று ரகசியப் பெயரிட்டு, அங்கே கப்பலையும் அதன் துணைக் கப்பல்களையும் கிருஷ்ணன் ஒளித்துவைத்தார்.

கப்பலை ஒளித்ததோடு அவர் நிற்கவில்லை. அது இல்லாத இடத்தில் இருப்பதாகவும் நம்பவைத்தார். ஓய்வுக் காலத்தை எட்டிவிட்ட 'ராஜபுத்' என்னும் பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பாலுள்ள கடலுக்கு அனுப்பி, ஒரு பெரிய கப்பலிலிருந்து கிளம்புவது போன்ற ஏராளமான கம்பியில்லாத் தந்திச் செய்திகளை அதிலிருந்து அனுப்பச் செய்தார். விக்ராந்தின் மாலுமி ஒருவன் நோயுற்ற தன் தாயாரின் சுகத்தை விசாரிப்பதாக, மறைமொழி எதுவுமில்லாமல், வெளிப்படையாக ஒரு செய்தியும் போயிற்று. அதோடு, ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியையும் காய்கறியையும் கரையிலுள்ள வியாபாரிகளிடம் கேட்டு உத்தரவு கொடுத்தார். சந்தையில் பேசப்படும் செய்தி ஒற்றர் காதுக்கு எட்டாமல் போகாது என்பது அவர் கணக்கு.

காஸியின் தலைவர் கமாண்டர் ஸபர் முகம்மது கான் நவம்பர் 23 ஆம் தேதி சென்னைக்கு எதிரே கடலடியில் விக்ராந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிய கப்பல் சுமார் பத்து நாட்களுக்கு முன்பே அந்தமானை நோக்கிப் போய்விட்டது.

சென்னைக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கச் சென்றிருந்த ஜனங்களுள், தங்கள் கண்ணெதிரே விரிந்த நீருக்கடியில் ஒரு வேட்டை நடந்துகொண்டிருந்ததை அறிந்தவர் எவருமில்லை.

*

ஒரே இரவில் இரண்டு செய்திகள்

டிசம்பர் 3 ஆம் தேதி மாலை, பாகிஸ்தான் விமானங்கள் அமிருதசரஸ், பட்டான்கோட் முதலிய மேற்குப்புற விமானத் தளங்களின்மீது குண்டு வீசின. கல்கத்தாவில் இருந்த பிரதம மந்திரி இந்திரா காந்தி அன்றிரவே டில்லிக்குத் திரும்பினார். நள்ளிரவுக்குப் பிறகு வானொலியில் அவர் பேசியபோது, யுத்தம் மூண்டுவிட்டது என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது.

ஏறக்குறைய அதே நேரத்தில் விசாகப்பட்டினத்தில் வேறொன்று நடந்தது. துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜபுத் கப்பல், எதிரே நீர்ப்பரப்பு சந்தேகத்துக்கு இடமாகக் கலங்குவதைக் கண்டு, ஆழ்வெடிகளை வீசிவிட்டுச் சென்றது. சற்று நேரத்தில் ஒரு பயங்கரமான வெடிச் சப்தம் நகரத்தின் சன்னல்களை உலுக்கிற்று.

அந்தச் சப்தத்தோடு, சென்னையில் ஏமாந்து விசாகப்பட்டினத்துக்கு வந்திருந்த காஸி, அதில் இருந்த தொண்ணூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளுடன் கடலடியில் அமிழ்ந்தது. ராஜபுத்தின் ஆழ்வெடியால் அது அழிந்தது என்பது இந்தியாவின் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியோ, தன் வயிற்றுக்குள் நேர்ந்த விபத்தோ அதை மாய்த்தது என்பது பாகிஸ்தானின் தரப்பு. அந்த வழக்கு இன்றுவரை முடிவு பெறவில்லை.

நம் கதைக்கு முக்கியமானது வேறு. வெடிச் சப்தத்தைக் கேட்டார்களே அல்லாமல், வெடித்தது இன்னதென்று அந்த இரவில் எவருக்கும் நிச்சயமில்லை. மீனவர்கள் மிதந்து வந்த பொருள்களைக் கொண்டுவந்து காட்டி, முக்குளிப்போர் அடியில் இறங்கிப் பார்த்து, காஸி அழிந்தது என்ற செய்தி உலகத்துக்குச் சொல்லப்பட்டது சில நாட்கள் கழித்துத்தான்.

ஆகவே, டிசம்பர் 4 ஆம் தேதி விடிந்தபோது, விரிகுடாவின் வடகிழக்கு மூலையை நோக்கி வந்துகொண்டிருந்த விக்ராந்தின் தலைவர், தம்மைத் தேடும் வேட்டைக்காரன் எந்தத் திசையிலும் இருக்கக்கூடும் என்று எண்ணியே கப்பலைச் செலுத்த வேண்டியிருந்தது. அதுவும், ஓடித் தப்புவதற்குரிய வேகம் இல்லாத கப்பலை.

*

காக்ஸ் பஜார்

வங்காளக் கரையிலிருந்து சுமார் 60 கடல் மைல் தூரத்தில் கப்பல் காற்றுக்கு எதிராகத் தலை திருப்பிற்று.

விமானம் தாங்கிக் கப்பலின் வாழ்க்கையில் இதைவிட ஆபத்தான வேளை இல்லை. காற்றை நோக்கித் திரும்பிய கப்பல், விமானங்களை ஏவி முடிக்கும்வரை ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போயாக வேண்டும். நீர்மூழ்கியை ஏமாற்றும் வளைவுப் போக்குகளையெல்லாம் அந்த நேரத்துக்குக் கைவிட வேண்டும். 'பிரம்மபுத்ரா', 'பியாஸ்' முதலிய துணைக் கப்பல்கள் சுற்றிலும் காவல் காத்தன.

மேல்தளத்தில் எட்டு ஸீ ஹாக்குகள் நின்றன. விக்ராந்துக்கு இருந்த கவண் ஒன்றே ஒன்று. ஆதலால் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழ முடியும்.

முதல் விமானம் கவணின் தலைப்புக்கு வந்து நிற்கிறது. மடக்கிய இறக்கைகள் விரிந்து பூட்டிக்கொள்கின்றன. தளப் பணியாளர்கள் விமானத்தின் அடியில் குனிந்து, அதன் கொக்கிகளையும் கவணையும் வடத்தால் பிணைத்துவிட்டு விலகுகிறார்கள். விமானி யந்திரத்தை உச்ச சக்திக்குக் கொண்டுசெல்கிறார். தலையைப் பின்னே சாய்த்து, இருக்கையோடு ஒன்றி, கையுயர்த்தித் தயார் என்று தெரிவிக்கிறார். தளத்து அதிகாரியின் கொடி தாழ்கிறது.

அந்தக் கணத்தில், ஜூன் மாதம் முதல் எஃகுப் பட்டைக்குள் கட்டுண்டு உழைத்த கொதிகலன்களின் நீராவி விடுதலை பெற்றது. விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் தளத்தின் விளிம்பைக் கடந்தது; கடலின் பக்கமாகச் சற்றே தாழ்ந்தது; பிறகு நிமிர்ந்து ஏறியது.

கவண் பின்னே இழுக்கப்பட்டு, நீராவி மறுபடியும் சேகரிக்கப்பட்டு, அடுத்த விமானம் வந்து நின்றது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் கீழே கொதிகலன் அறையில் அழுத்தமானியின் முள் தாழ்ந்து, மீண்டும் மெல்ல ஏறியது. முதலில் எழுந்த விமானம், கடைசி விமானம் வந்து சேரும்வரை கப்பலைச் சுற்றிக்கொண்டே, திரும்பி வருவதற்கு வேண்டிய எரிபொருளில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. நான்கு கொதிகலன்கள் இருந்தால் இந்தக் கணக்கில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். மூன்றோடு அதற்கு இடமில்லை.

எட்டு விமானங்களும் எழுந்தன. காலை பதினொரு மணியளவில் அவை குப்தாவின் தலைமையில் கரையை நோக்கித் திரும்பின.

அறுபது கடல் மைல் என்பது ஸீ ஹாக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேற்படாத வழி. அந்தச் சொற்ப நேரத்துக்குப் பின்னால் பதினோரு வருஷக் காத்திருப்பு இருந்தது. பிராடியில் பயின்றவர்களும், சூலூரிலும் கோவாவிலும் பறந்தவர்களும், 1965 ஆம் ஆண்டில் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நின்றவர்களும் எந்தக் காரியத்துக்காகத் தயாரானார்களோ, அந்தக் காரியம் இப்போது கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது.

காக்ஸ் பஜார், நீண்ட மணற் கடற்கரைக்குப் பெயர்பெற்ற சிற்றூர். அதன் விமானத் தளம், பர்மா எல்லைக்கு அருகில், கிழக்கு வங்காளத்தின் தெற்குக் கோடியில் அமைந்தது. பாகிஸ்தானியர் அதைப் பயன்படுத்திக் கொள்ளவோ, அவ்வழியே தப்பிச் செல்லவோ இடம் கொடுக்கலாகாது என்பதனால், கடற்படை விமானிகளின் முதல் குறி அதன்மேல் விழுந்தது.

ஸீ ஹாக்குகள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து, மேலெழுந்து, பிறகு பாய்ந்து தாக்கின. விமானத் தளமும், அதன் கட்டுப்பாட்டுக் கோபுரமும், எரிபொருள் சேமிப்பும் சேதமுற்றன. ஸேபர் விமானம் ஒன்றும் எதிர்ப்படவில்லை. டாக்காவில் அன்று விடியற்காலை முதல் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதல்கள், கிருஷ்ணனும் அவருடைய யோசனைக்காரர்களும் எதிர்பார்த்த பலனைத் தந்துகொண்டிருந்தன.

திரும்பி வருவதும் எளிதன்று. வால் கொக்கியைத் தொங்கவிட்டு, தளத்தின் ஓரத்திலுள்ள கண்ணாடியின் ஒளிப்புள்ளியை நோக்கியபடியே இறங்கி, குறுக்கே கட்டியுள்ள எஃகு வடங்களுள் ஒன்றைப் பற்றி நிற்பதற்கும் எதிர்க்காற்று வேண்டும். ஆகவே கப்பல் இன்னொரு முறை காற்றுக்கு எதிராகத் திரும்பி, இன்னொரு முறை தன்னை நீர்மூழ்கியின் கண்ணுக்குத் திறந்து காட்டிக்கொண்டு ஓடிற்று.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியவர்கள் எட்டு வரை எண்ணி முடித்தார்கள். சென்றவை அத்தனையும் திரும்பிவிட்டன.

*

பகல் வேளையின் கணக்கு

அன்று காலையில் ஒரு வாதம் முடிவுக்கு வந்தது. மூன்று கொதிகலன்களோடு ஒரு விமானம் தாங்கிக் கப்பல் யுத்தம் செய்ய முடியுமா என்று ஆறு மாதமாகக் கடற்படைக்குள் நடந்த விவாதத்துக்கு, காக்ஸ் பஜாரில் எழுந்த புகை பதில் சொல்லிவிட்டது. இந்தப் பதிலின் பெருமையைப் பங்கிடும்போது, விமானிகளுக்கு உரியதை விமானிகளுக்குக் கொடுத்த பின், அதற்குச் சமமான பங்கைக் கொதிகலன் அறைக்குக் கொடுப்பதே தர்மம் என்பது என் துணிபு. யுத்த சரித்திரங்கள் பெரும்பாலும் மேல்தளத்தோடு நின்றுவிடுகின்றன. கீழே இறங்கிப் பார்ப்பதில்லை.

ஆனால் காக்ஸ் பஜார், சிறு பயிற்சி என்றே சொல்லத்தக்க குறி. உண்மையான பரீட்சை அதற்கு வடக்கே கர்ணபூலி ஆற்றின் முகத்தில் இருந்தது. கிழக்கு வங்காளத்தின் தலையாய துறைமுகமான சிட்டகாங்கில், கப்பல்களும் பீரங்கிப் படகுகளும், எண்ணெய்க் கிடங்குகளும், விமானத் தளமும், அவற்றையெல்லாம் காக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இருந்தன. காலையில் காக்ஸ் பஜார் தாக்கப்பட்ட செய்தி அங்கே எட்டாமல் இருக்க முடியாது. இனிமேல் வரும் ஸீ ஹாக்கை, கண்ணை விழித்துக்கொண்டு, வானை நோக்கிக் குழாயைத் திருப்பிவைத்து எதிர்பார்ப்பார்கள்.

அன்று பிற்பகலிலேயே சிட்டகாங்கைத் தாக்குவது என்று தீர்மானமாயிற்று. விமானங்களுக்கு எரிபொருளும் குண்டுகளும் ஏற்றப்பட்டன. கப்பல், மணிக்கு 14 கடல் மைல் என்ற விலங்கோடு, அதே கடற்பரப்பில் தங்கியாக வேண்டும். திரும்பத் திரும்பக் காற்றுக்கு எதிராக ஓடியாக வேண்டும். காஸி இனி எழாது என்ற நிச்சயச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

விழித்துக்கொண்ட சிட்டகாங்கின் பீரங்கிகளுக்கு நடுவே, 1947 ஆம் ஆண்டில் பிறந்த அந்த வடிவம் தாங்குமா? டிசம்பர் மாதத்து விரிகுடாவில் காற்றே அசையாத நாட்கள் வந்தபோது, வெள்ளைப் புலிகளின் இடத்தை இட்டு நிரப்பியவர்கள் யார்?

அடுத்த இதழில் காண்போம்.